பச்சை குத்துன கையும் வெந்நீர்க் குளியலும்

என்னையக் கட்டி மேய்க்கிற மூக்கம்மாளுக்கு, ஜப்பான்ல இருந்து ஒம்புருசன் சோணைமுத்து எழுதுறது. நான் சுகம். ஒனக்கு முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரைய ஒழுங்காப் போடுறியா?

போன்ல சொன்னா மருமக கேட்டுச் சிரிப்பா, அதான் கடுதாசி. நம்ம மொதலாளி அச்சு மெசினு பழக அனுப்பி வச்ச கம்பெனி இன்னைக்கு லீவு. வெந்நீர் ஊத்து இருக்கிற ஊருக்கு ஒத்தையில ரயிலேறி வந்தேன். இட்லிக் கொப்பரையத் தெறந்த மாதிரி தெருவெல்லாம் ஆவி. குளிச்சா இடுப்புவலி போயிரும்னாக.

குளிக்கிற எடத்துல காசு குடுக்கக் கைய நீட்டுனேன். பச்சை குத்துன ஒம்பேரப் பாத்ததும் அங்கன இருந்த அம்மா பதறிப்போயி, அது பேச்சப் போன்ல தமிழா மாத்திப் பேச வச்சுக் காட்டுச்சு. "ஐயா, பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை."

இங்கன ரவுடிகதான் பச்சை குத்துவாகளாம். ஒன்னக் கட்டுனதுக்குக் கெடச்ச பட்டத்தப் பாத்தியா?

"இது எம்பொண்டாட்டி பேரும்மா"ன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டு, மேல ஒட்டி மறைச்சா உள்ள விடுறேன்னு பெரிய பிளாஸ்திரி ஒண்ணக் குடுத்துச்சு. கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்துட்டு, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன். உரிக்கையில முடியப் புடுங்கும்ல, அதுக்குத்தான். வேற ஒண்ணும் நெனச்சுக்கிறாத.

இப்ப ரோட்டோரத் தொட்டி வெந்நீருல கால மட்டும் விட்டு உக்காந்து எழுதுறேன். இங்கன யாரும் கையப் பாக்கல. சாத்தூர் காராச்சேவு கொஞ்சம் அனுப்பு. காலையில என்னைய எழுப்ப ஏசுவேல்ல, அதையும் பதிஞ்சு அனுப்பு. அலாரத்துக்கு முழிப்பே வரல.

ரயிலுக்கு நேரமாச்சு. எதுத்தாப்புல ஒரு கிழவி, கால் தொடைக்கத் தம்புருசனுக்குத் துண்டு எடுத்துக் குடுக்குது. நான் ஈரக்காலோடவே செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்புறேன்.