மதம் என்ற கட்டம்

நைனாவுக்கு,

நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிதாக எழுதுகிறேன். களி சட்டியில் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு உறியில்.

ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தோடு பொன்னேரிக்குப் போகிறேன். மதம் என்ற கட்டத்தில் நேற்று நீங்கள் பென்சிலால் எழுத வைத்த ‘இந்து’வை அழித்துவிட்டேன். ‘கிறிஸ்தவம்’ என்று மையால் எழுதியாயிற்று. அரிசனச் சலுகை போய்விடும், இடமே கிடைக்காமல் போகலாம். தெரிந்துதான் எழுதினேன்.

“மன்சுல கீற ஏசுவ எந்தத் தாசில்தாரு பாக்கப் போறான்? காயிதத்துல இந்துன்னு எழுதிக்கினு போம்மே” என்றீர்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பண்ணையார் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, “தாவீதுன்னு கூப்புடு, வரேன்” என்று களத்திலேயே நின்று வேலையை இழந்தவர் யார்? எனக்கு மட்டும் ஏன் வேறு புத்தி சொல்கிறீர்கள்?

சலோமி

கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

வர நேரமாகும். வரிசையில் நின்று படிக்க நூலகத்து ருஷ்ய நாவலை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. இடம் கிடைக்காவிட்டால் உங்களோடு கம்பெனிக் கட்டட வேலைக்குச் சித்தாளாக வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.