நாலு கோடிப் பேர் பார்த்த இடுப்பு

என் அருமை மச்சானுக்கு,

உலகப் புகழ் தையல்காரன் எழுதுவது. அன்று கடையில் உனக்கு இடுப்பளவு எடுத்தபோது, "மச்சான், இது பேண்டா, சர்க்கஸ் கூடாரமா? துணி பத்தலைன்னா வானத்தைக் கிழிச்சுத்தான் தைக்கணும்" என்றேனே, அதை எவனோ போனில் பிடித்துப் போட்டுவிட்டான். நாலு கோடிப் பேர் பார்த்துவிட்டார்கள். செவ்வாய்க் கிரகத்திலும் ஓடுவதாகக் கேள்வி.

பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேருக்கு நான் கொடுமைக்காரன். ஒரு அம்மா கடைக்கே வந்து அதட்டினார்.

"அந்த மனுஷன் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணினார்?"

"என் பொண்டாட்டியோட தம்பிம்மா. முப்பது வருஷமா இப்படித்தான்."

"முப்பது வருஷமாவா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பதிலுக்கு நீ என் வழுக்கையை விமான நிலையம் என்றாயே, அது வீடியோவில் இல்லை. எங்காவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அளவெடுப்பவன் கண் நாடாவில்தானே இருக்கும்? நான் கேலி பேசும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்பதை இதில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நீ சிரிக்கவில்லை, மச்சான்.

அன்று மட்டும்தானா, முப்பது வருஷமுமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினோரு நாளாக நீ கடைப் பக்கம் வரவில்லை. உன் அக்கா கேட்டால், "வேலையா இருப்பான்" என்கிறேன்.

வா. இந்தத் தடவை உன் முகத்தைப் பார்த்தபடியே அளவெடுக்கிறேன். பேண்ட் கோணினால் கோணட்டும்.

உன் அக்கா புருஷன்