கயிற்றின் கடைசி ஆள்

ஜனவரி 22, 1973, திங்கள்

பெயின்ட் சப்ளை செய்கிறவர் கம்பெனிக்குக் கொடுத்த டைரி மூன்று வாரமாகச் சும்மா கிடந்தது. எழுத விஷயம் இல்லை. இன்று கிடைத்துவிட்டது. எனக்கு ஹெர்னியாவாம்.

அடிவயிற்றில் வலப்பக்கம் ஓர் எலுமிச்சம்பழம். இருமினால் வெளியே எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். சாதுவான பிராணி என்று ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வளர்த்தேன். இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி சர்ஜன் என் வயிற்றை, வீட்டு புரோக்கர் காலி மனையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொண்ணூற்று நாலு கிலோ. இவ்வளவு கொழுப்புக்கு நடுவில் தைத்தால் தையல் நிற்காது, பன்னிரண்டு கிலோ இறக்கிவிட்டு வாருங்கள், அப்புறம் ஆபரேஷனுக்கு எழுதி அனுப்புகிறேன், சாங்ஷன் வந்தால் படுக்கை கிடைக்கும் என்றார்.

இறக்காவிட்டால் என்று கேட்டேன்.

“ஒருநாள் குடல் வெளியே வந்து மாட்டிக்கும். அன்னிக்கு சாங்ஷன் கேட்க நேரம் இருக்காது.”

உண்மையைச் சொல்வதென்றால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். எடை இருக்கிறவரை கத்தி கிட்டே வராது. இந்தத் தொப்பைதான் என் வாட்ச்மேன்.

ஜனவரி 25, வியாழன்

டாக்டர் சொன்னது: காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. தாட்சாயிணிக்கு இருபத்திரண்டு வருஷமாக நான் புருஷன். சப்பாத்திக்கு அவள் மூன்று நாளாகத்தான் பழக்கம். போல்ட் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், இதைவிட மிருதுவான வாஷர்கள் என் அலமாரியில் இருக்கின்றன.

பிப்ரவரி 4, ஞாயிறு

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து மே தினத்தன்று கயிறு இழுக்கும் போட்டி. நம் கம்பெனி டீமில் எட்டுப் பேர். ஏழு பேர் இழுப்பார்கள். கடைசி ஆள் கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து கிடக்க வேண்டும். ஐந்து வருஷமாக அந்தக் கடைசி ஆள் நான். எனக்கு ஓடத் தெரியாது, பாடத் தெரியாது, மெஷின் ஓட்டத் தெரியாது. ஆனால் நான் சாய்ந்தால் பம்ப் கம்பெனி எட்டுப் பேரும் சேர்ந்து என்னை அசைக்க முடியாது.

இன்று முதல் பிராக்டிஸ். நான் ஓரமாக உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கேப்டன் வீராசாமிக்கு (லேத் மெஷின் ஓட்டும் டர்னர், வாய் அதைவிட வேகம்) முகம் செத்துவிட்டது.

“இன்னா மாமே, நீ எளைச்சினா டீமே எளைச்சிடும். மே மாசம் வரிக்கும் அத்த உள்ள தள்ளிகினு இரு. அதுக்கப்புறம் ஒன்ன நானே தூக்கிகினு போறேன் ஆஸ்பத்திரிக்கு.”

ஏழு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத ஆளைப் பார்த்து இப்படிச் சொல்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் தாட்சாயிணி சட்டையைத்தான் பார்த்தாள். இந்தப் போட்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெயித்தவன் பின்னால் விழுவான், முதுகெல்லாம் செம்மண். தோற்றவன் முன்னால் இழுபட்டுக் குப்புற விழுவான், மார்பெல்லாம் செம்மண். ஐந்து வருஷமும் நான் வாயைத் திறக்குமுன்பே அவளுக்கு முடிவு தெரியும். முதுகில் மண் என்றால் வடை. மார்பில் என்றால் ரசம், பேச்சும் கிடையாது. இன்று இரண்டு பக்கமும் சுத்தம். சப்பாத்தி.

பிப்ரவரி 8, வியாழன்

வீராசாமி ஸ்டோர் ஜன்னல் வழியே நான்கு போண்டா நீட்டினான். வேண்டாம் என்றேன். “டீமுக்காக மாமே” என்றான். டீமுக்காக இரண்டு.

பிப்ரவரி 12, திங்கள்

போன வாரம் கேரியர் தகராறு. நான் நாலு அடுக்கு கேரியரோடு வேப்பம்பட்டில் ரயில் ஏறுகிறவன் என்பது பிளாட்பாரத்துக்கே தெரியும். டாக்டர் சொன்னது ஒரு கப் சோறு, ஒரு டப்பா போதும் என்றேன். தாட்சாயிணி ஒத்துக்கொள்ளவில்லை. புருஷன் சின்ன டப்பாவோடு போவதைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? சரி, மூன்று அடுக்கைக் காலியாக அனுப்பு என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

“எதிரூட்டு அங்கம்மா கேரியர தூக்கிப் பாப்பா. அவ கையி தராசுங்க.”

உண்மைதான். நலம் விசாரித்துக்கொண்டே நம் பையைத் தூக்கிப் பார்க்கிற பெண்மணி அவள்.

ஆக, கேரியர் முழு எடையோடு அம்பத்தூருக்குப் போகிறது. மேல் அடுக்கு எனக்கு. மற்ற மூன்றும், தாட்சாயிணிக்குத் தெரியாமல், பிரஸ் செக்‌ஷன் கோவிந்தனுக்கு. கோவிந்தனுக்கு முப்பது வயசு, ஆறடி உயரம். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் சட்டை எது, அவன் எது என்று தெரியாது. டீமில் மூன்றாவது ஆள். முதல் நாள் கூச்சப்பட்டான். இன்று பன்னிரண்டரை மணிக்கே ஸ்டோர் வாசலில் நின்று, சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னான்.

மார்ச் 5, திங்கள்

கம்பி நிறுக்கும் தராசில் ஏறினேன். எண்பத்தொன்பது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று.

ஊரில் என் உடம்பைப் பற்றி மூன்று செய்திகள் உலவுகின்றன: எனக்கு டி.பி., எனக்கு சுகர், எனக்கு வேலை போய்விட்டது. மூன்றும் அங்கம்மா வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டவை. பூந்தமல்லியிலிருந்து அக்கா ஜெகதாம்பாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கேட்டைத் திறக்கும்போதே அழுதாள். நான் சாகவில்லை என்று நிரூபிக்க அவள் எதிரில் நாலு பழம் தின்ன வேண்டியதாயிற்று. இளைத்தவனுக்குத்தான் எல்லோரும் தீனி கொண்டு வருகிறார்கள். குண்டாக இருந்தபோது ஒருவரும் ஒரு பழம் கொண்டு வந்ததில்லை.

மார்ச் 18, ஞாயிறு

வேலப்பன்சாவடியில் கல்யாணம். பந்தியில் என் கை எனக்குக் கட்டுப்படவில்லை. ஜாங்கிரி, வடை, சாம்பார் சாதம், மறுபடி ஜாங்கிரி. தாட்சாயிணி பெண்கள் பந்தியிலிருந்து முறைத்தாள். தூரத்து முறைப்பு உறைக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். திருவேற்காடு பக்கம் ஒரு குலுக்கல். எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. உள்ளே போகவில்லை. கையால் அமுக்கினேன், கல்லு மாதிரி இருக்கு. வியர்த்துக் கொட்டுது. தாட்சாயிணி பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். டீக்கடை பெஞ்சில் படுக்கவைத்துக் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை ஜனம் சுற்றி நிற்குது. எனக்கு ஒண்ணும் தெரியல. இப்பவே மாட்டிகிச்சா? இவ்ளோதானா? ஜாங்கிரிக்காகவா?

எவ்வளவு நேரமோ. தானாக உள்ளே போயிற்று.

வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. செத்துடுவேன்னு நெனச்சேன். எழுதிட்டேன், போதும்.

மார்ச் 19, திங்கள்

இரண்டு இட்லி. மூன்றாவது வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கையில் கொடுத்தாள். அங்கம்மா வாசலில் நின்றிருந்தாள். அவள் எதிரிலேயே கொடுத்தாள்.

மார்ச் 20, செவ்வாய்

கோவிந்தன் மத்தியானம் வந்து என் டப்பாவைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மாலையில் தாட்சாயிணியிடம் கேரியரின் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டுவாள் என்று பார்த்தேன். அவனுக்குப் பொரியல் பிடித்ததா என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 21, புதன்

ஒரு கையில் என் டப்பா, மறுகையில் கோவிந்தனுக்கு நாலு அடுக்கு கேரியர். அங்கம்மா தூக்கிப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 9, திங்கள்

எண்பத்திரண்டு! ஆஸ்பத்திரித் தராசில், செருப்பில்லாமல், மூச்சை வெளியே விட்டுவிட்டு. சர்ஜன் எழுதி அனுப்பிவிட்டார். இனி சாங்ஷன்.

ஜனவரியில் எந்தக் கத்திக்கு ஒளிந்தேனோ அது எப்போது வரும் என்று இப்போது காத்திருக்கிறேன். மனுஷ ஜென்மம்.

ஏப்ரல் 12, வியாழன்

டிஸ்பென்சரியில் விசாரித்தேன். வரவில்லை.

ஏப்ரல் 16, திங்கள்

வரவில்லை. கம்பவுண்டர் என்னை ரோட்டில் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிடுகிறார். அவருக்கும் வேலை மிச்சம், எனக்கும் நடை மிச்சம்.

ஏப்ரல் 20, வெள்ளி

சாங்ஷன் சீக்கிரம் வரவேண்டும் என்று தாட்சாயிணி திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்தாள். அங்கே வரிசையில் வீராசாமியைப் பார்த்தாளாம். சாங்ஷன் மே தினம் தாண்டி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்திருக்கிறான். இவளிடமே சொல்லியும் இருக்கிறான். அம்மன் என்ன செய்வாள், பாவம்.

ஏப்ரல் 24, செவ்வாய்

வந்துவிட்டது. முப்பதாம் தேதி அட்மிஷன். இரண்டாம் தேதி ஆபரேஷன்.

நடுவில் ஒன்றாம் தேதி.

வீராசாமி ஸ்டோருக்குள் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தான். இந்த முறை போண்டா கொண்டுவரவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னான். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைசியில் சும்மா நின்றால் போதும், உன்னைப் பார்த்தாலே பம்ப் கம்பெனிக்காரன் பாதி தோற்றுவிடுவான் என்றான். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஐந்து வருஷமாக என் இடம் அது. படுக்கையை விட்டால் மறுபடி முதலிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும், அதுவரை எலுமிச்சம்பழம் சும்மா இருக்குமா என்று கேட்டேன். அவனுக்கு டீக்கடை பெஞ்சு விஷயம் தெரியாது. சொன்னேன்.

கொஞ்ச நேரம் நட்டு ஒன்றை எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“போய் வா மாமே. நீ உசுரோட கீறதுதான் முக்கியம்.”

லேத்தைவிட வேகமான வாய். இதைச் சொல்ல இவ்வளவு நேரம் பிடித்தது.

ஏப்ரல் 27, வெள்ளி

ஷிப்ட் முடிந்து கிரவுண்டுக்குப் போனேன். கடைசி இடத்தில் யார் என்று ஆளாளுக்குப் பேச்சு. கோவிந்தனைத் தராசில் ஏற்றினோம். ஜனவரியில் இருந்ததைவிட ஒன்பது கிலோ கூட. என்னை விட்டுப் போனதில் முக்கால்வாசி இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

நானே அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றினேன். இடுப்பு என்று ஒன்று இப்போது இருக்கிறது. அவன் விட்ட மூன்றாவது இடத்துக்குப் புதுசாக ஒருவனைச் சேர்த்தார்கள்.

“நிக்கறது நான் இல்ல அண்ணாத்தே. அண்ணி ஆக்கிப் போட்ட சோறுதான் நிக்குது” என்றான்.

ஏப்ரல் 30, திங்கள்

அட்மிஷன். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் குறட்டை. எனக்கு பயம். குறட்டை பரவாயில்லை என்று தோன்றுகிறது.

மே 1, செவ்வாய்

நாள் முழுக்கக் காது கிரவுண்டில். நாலு மணிக்கு இந்நேரம் விசில் ஊதியிருப்பான் என்று நினைத்தேன். என் குதிகால் தானாகக் கட்டில் கம்பியில் ஊன்றிக்கொண்டது.

பார்வையாளர் நேரத்தில் தாட்சாயிணி இருந்தாள். டீமும் வந்தது, எட்டுப் பேரும். வீராசாமி வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை போல இருந்தான்.

“ஜெயிச்சிட்டோம் மாமே. நீ ஒண்ணியும் கவலப்படாம நாளிக்கு ஆபரேசனுக்குப் போ.”

கோப்பை எங்கே என்றேன். மேனேஜர் ரூமில் இருக்கிறதாம். பம்ப் கம்பெனி எப்படித் தடுமாறியது, இரண்டாவது இழுப்பில் எப்படி விழுந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கோவிந்தன் மட்டும் கடைசியில் நின்றான். அங்கேயும் கடைசி. பனியன்மேல் துண்டைப் போர்த்தியிருந்தான். ஆரஞ்சுப் பையை ஸ்டூல்மேல் வைக்கக் குனிந்தபோது துண்டு நழுவியது.

மார்பெல்லாம் செம்மண். தாடையிலிருந்து வயிறுவரை. முதுகு வெள்ளை வெளேரென்று.

நான் தாட்சாயிணியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்காகக் கொண்டுவந்திருந்த பழைய சட்டையைப் பையிலிருந்து எடுத்தாள்.

“அந்த பனியன கழட்டிக் குடு கோவிந்தா. தோச்சித் தரேன். இத்த மாட்டிக்கோ.”

என் தொண்ணூற்று நாலு கிலோ சட்டை. அவனுக்கு அவ்வளவு தொளதொள என்று இல்லை.

“நல்லா இழுத்தீங்கடா,” என்றேன். வேறென்ன சொல்ல? எட்டுப் பேர் கஷ்டப்பட்டு ஜெயித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மே 2, புதன்

கூப்பிடுகிறார்கள்.

மே 6, ஞாயிறு

தைத்தாயிற்று. இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. முதல் இரண்டும் சரி. நேற்று அங்கம்மா பார்க்க வந்து தலையணையைத் தூக்கி எடை பார்த்தாள். வாயைத் துண்டால் அமுக்கிக்கொண்டேன்.

மே 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள். எலுமிச்சம்பழம் இல்லை. இருமிப் பார்த்தேன், பழக்கத்தில் கை அங்கே போனது. ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.

மாலையில் கோவிந்தன் வந்தான், என் சட்டையில். கேரியரைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே அவன் வீட்டு அதிரசம். தாட்சாயிணி பனியனைக் கொண்டுவந்தாள். மூன்று தரம் துவைத்தாள், எனக்குத் தெரியும். கறை முழுக்கப் போகவில்லை. முன்பக்கம் உள்ளே போகும்படி மடித்திருந்தாள்.

கோவிந்தன் வாங்கிக்கொண்டு கொஞ்சம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“அடுத்த வருசமும் ஜெயிங்க,” என்றேன். “ஆனா கொஞ்சம் பின்னால சாஞ்சி ஜெயிங்கடா.”

பனியனைப் பார்த்தான். தாட்சாயிணியைப் பார்த்தான். அவள் அதிரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவன்தான் சிரித்தான், அப்புறம் அவள். நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து, கடைசியில் முழுசாகவே சிரித்துவிட்டேன்.

தையல் நின்றது.