ஏழாம் நம்பர் அறையின் செடி

ஜூலை 3, புதன்

லாட்ஜ் வரவேற்பறையில் கத்தி கத்தியாக இலை நிமிர்ந்து நின்ற ஸ்நேக் பிளான்டும் அழுகிப் போய்விட்டது. இது மூன்றாவது. வாடுகிறதே என்று காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு ஊற்றினேன். எஸ்டேட்டில் காபி நாற்றுக்கு அம்மா தினமும் அப்படித்தான் விடுகிறாள். பிறகு ஏன்?

மேனேஜர் சுதாராணி மேடம் சொல்லிவிட்டார். “இன்னும் ஒண்ணு போச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு பிளாஸ்டிக் செடி வச்சரலாம்.”

“சரிங்க” என்றேன். அவரிடம் எனக்கு வருகிற ஒரே வார்த்தை.

ஜூலை 5, வெள்ளி

அறைகளைச் சுத்தம் செய்கிறபோது லூர்துசெல்வி அக்கா கேட்டார், “ஏங்கண்ணு, ஊட்லயும் சரிங்க மட்டுந்தானா?”

வீட்டில் பேசுவேன். செடிகளிடம் அதைவிட அதிகம். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். அப்புறம் போகவேயில்லை. போர்வை மடிக்கப் பேச வேண்டியதில்லை. ஆனால் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவது செடிகளுக்காகத்தான். பிளாஸ்டிக் செடியைப் பார்க்க யார் ஓடி வருவார்கள்?

ஜூலை 9, செவ்வாய்

மழை. இரண்டாம் அறைச் செடியும் மஞ்சளாகிறது.

ஜூலை 16, செவ்வாய்

கீசர் கெட்டு மே மாதத்திலிருந்து பூட்டிக் கிடந்த ஏழாம் நம்பர் அறையை இன்று திறந்தோம். சன்னலோரம் அங்கேயும் ஒரு ஸ்நேக் பிளான்ட் இருந்ததையே மறந்துவிட்டோம். செத்திருக்கும் என்று நினைத்துத் திரையை விலக்கினேன்.

நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் சுருட்டிய காகிதம் போல ஒரு புது இலை. மண்ணில் விரலை விட்டேன், வெறும் பொடி. இரண்டு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஓடிப்போய் இரண்டாம் அறைச் செடியைத் தொட்டேன். இலை கையோடு வந்தது. வேர் கூழாகி நாறியது.

அப்ப நான்தான். நான்தான் எல்லாத்தையும் கொன்னிருக்கேன். வெளிய பனி, கண்ணாடியிலயே தண்ணி வழியுது, அதுல ரெண்டு வேளை செம்பு வேற—

ஜூலை 17, புதன்

சொல்லவில்லை. கவுன்டர் வரை போய், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மேடம் சேலத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பத்து பிளாஸ்டிக் செடி, வெள்ளிக்கிழமை.

ஜூலை 18, வியாழன்

சொல்லிவிட்டேன்! ஏழாம் அறைத் தொட்டியைத் தூக்கிப் போய்க் கவுன்டரில் வைத்தேன். வைத்த பிறகு சும்மா நிற்க முடியாதே.

“மேடம், நான்தானுங்க கொன்னது. தண்ணி அதிகமாயிருச்சுங்க. இது யாருமே பாக்காம உட்டதுங்க. எப்படி இருக்குது பாருங்க.”

மேடம் இலையை விரலால் தட்டினார். “அப்ப ஒண்ணுமே செய்யாம இருந்தா இது வளருமா?”

“ஆமாங்க.”

“எங்க ஊட்டுக்காரர இந்த வேலைக்கு வச்சிருக்கலாம் போல.”

லூர்துசெல்வி அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேடம் போனை எடுத்துச் சேலத்துக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். இன்று எழுத்துகூடக் கோணல். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அழுகிய செடியில் நன்றாக இருந்த இலைகளை வெட்டி, இரண்டு நாள் காய விட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டிருக்கிறேன். கஷ்டமான வேலை இனிமேல்தான்: சும்மா இருப்பது. கை பரபரக்கிறது. செம்பை ஒளித்து வைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். விரலை முழுதாக விட்டு, அடிமண்ணும் காய்ந்திருந்தால்தான் கேட்பேன்.

“தண்ணி ஊத்தாததுக்குச் சம்பளமா, கண்ணு?” என்று அம்மா சிரிக்கிறாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆறு இலையில் ஐந்து வேர் பிடித்துவிட்டது. மெதுவாக இழுத்தால் வர மறுக்கிறது. ஐந்து!

அக்டோபர் 20, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து பஸ் நிறைய ஆட்கள் வந்து தங்கியிருந்தார்கள். கிளம்பும்போது ஓர் அம்மா செடியருகே நின்று, “எங்கூட்ல எந்தச் செடியும் நிக்கறதில்ல சாமி. இது வருமா?” என்றார்.

வரும் என்றேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டும், தட்டில் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், வெளிச்சம் போதும், உச்சிவெயில் வேண்டாம் என்றேன். அவர் விரலைப் பிடித்து மண்ணுக்குள் விட்டுக் காட்டினேன். மணி பிளான்ட் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள், அவர்களுக்கு முதலிலிருந்து சொன்னேன்.

படியிலிருந்து லூர்துசெல்வி அக்கா கூப்பிட்டார். “கனகா, போதும் உடு கண்ணு. டிரைவரு மூணு தடவ ஆரன் அடிச்சுட்டாரு.”