வீடு பார்க்க வருகிறவரிடம் சொல்ல வேண்டியது

அத்தை,

நீங்கள் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. தாலுகா ஆபீசில் வருமானச் சான்று வாங்கிவிட்டு வருகிறேன். உப்புமா மூடி வைத்திருக்கிறேன்.

பரணியை நம்மிடம் வளர்க்கக் கொடுக்கலாமா என்று பார்க்க, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக மேடம் பதினொரு மணிக்கு வருகிறார். இன்று பௌர்ணமி, மாலையில் கிரிவலத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று காலையிலேயே வருகிறார். எனக்குத் தாமதமானால் நீங்களே பேசுங்கள்.

என்னைப் பற்றிக் கேட்பார். நேற்று நீங்கள் என்னிடம் சொன்னதையே சொல்லுங்கள். “எம்பொண்ணு கீதா தவறிப்போனதுலேர்ந்து நீங்களே ஒழுங்கா சாப்பிடறதில்ல, இதுல ஏழு வயசுப் புள்ளய எப்படிப் பாத்துப்பீங்க மாப்ள?” உண்மைதான். அப்படி எழுந்து போனது என் தப்பு.

ஆனால் குழந்தைகள் இல்லத்திலிருந்து அவன் இங்கே வந்த இரண்டு ஞாயிறும் நான் சாப்பிட்டேன். நான் உட்காரும்வரை அவன் சோற்றில் கை வைக்கவில்லை. அதையும் சொல்லுங்கள்.

நீங்கள் சம்மதிக்காமல் அவனைத் தரமாட்டார்கள். கையெழுத்து உங்கள் இஷ்டம்.

மணி

பி.கு. அவன் துணியை எங்கே வைப்பான் என்று கேட்டால், பீரோவில் கீதாவின் அடுக்கைக் காட்டுங்கள். காலையில் காலி செய்துவிட்டேன். புடவைகள் உங்கள் கட்டிலில் இருக்கின்றன.