கடிகாரம் மாட்டாத அறை

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் இரண்டு பிரசவம். இரண்டும் பெண். இரண்டும் தானாக வந்தவை, தையல்கூடப் போடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு என் அறைக்குப் போனால் கதவில் என் பெயர்ப்பலகை இல்லை. திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. உள்ளே தச்சர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"மருமக டாக்டருக்கும்மா. உங்களுக்குக் கீழே, ஊசி போடுற ரூமுக்குப் பக்கத்துலன்னு சொன்னாங்க."

இருபத்தாறு வருடம் வேலை பார்த்த இடத்தில், தச்சர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். பெரியவருக்கு — என் கணவரின் அண்ணன், இந்த மருத்துவமனையின் எஜமானர் — வாய் இல்லையா? மகனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் வந்த பெண்ணுக்கு என் நாற்காலி. அவளும் பிரசவ டாக்டர்தான். பட்டத்தின் மை இன்னும் காயவில்லை.

வயிறு எரிகிறது. எரியட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். "பேசிப் பாக்கலாம்" என்றார். என் கணவர் மயக்க மருந்து டாக்டர். பகலில் ஊரைத் தூங்கவைப்பார், வீட்டுக்கு வந்து தானும் தூங்கிவிடுவார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முழுக்கப் பழசைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மாமியார் ஆரம்பித்தது மருத்துவமனைக்கு எதிர் வீட்டு முன்னறையில். இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், கருவிகளைக் கொதிக்கவைக்க ஒரு குண்டான். கைராசிக்காரி என்று பேர் வந்தது. கட்டில் எட்டானது. பிறகு தெருவின் இந்தப் பக்கம் மூன்று மாடி எழுந்தது. கட்டியது பெரியவர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாடிக்குள் பெண்கள் யாரைத் தேடி வந்தார்கள்? மாமியாருக்குக் கண் மங்கிய பிறகு யார் கையில் பிள்ளைகள் விழுந்தன?

இப்போது பக்கத்து மனையில் ஏழு மாடி. ஏப்ரலில் திறப்பு விழா. அழைப்பிதழின் மாதிரியைப் பார்த்தேன். மாமியார் படம், பெரியவர் படம், மகன் படம், மருமகள் படம். கீழே 'மூன்று தலைமுறையின் கைராசி' என்று கொட்டை எழுத்து. நடுவில் நான் ஒருத்தி இருந்தேனே, நான் என்ன திரைச்சீலையா?

மாமியார் ஒரு விஷயத்தில் பிடிவாதம். பிரசவ அறைக்குள் கடிகாரம் கூடாது. "உள்ள கடிகாரம் இருந்தா டாக்டருக்குப் பசிக்க ஆரம்பிச்சிடும்" என்பார். கடிகாரம் வராந்தாவில்தான் தொங்கும். பிள்ளை பிறந்ததும் நாங்கள் உள்ளேயிருந்து குரல் கொடுப்போம், ஆயா வெளியே மணி பார்த்துச் சொல்வாள். அவர் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு பிரசவ அறையிலும் சுவரில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன. இளவரசன் — பெரியவரின் மகனுக்கு நர்ஸ்கள் வைத்த பேர் — அதை எனக்குப் பெருமையாகக் காட்டினான்.

பிப்ரவரி 17, திங்கள்

விலகிவிட்டேன்.

"உன் இஷ்டம்மா. வயசாச்சு, கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றார் பெரியவர். எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு அறுபத்தைந்து. யாருக்கு வயசாச்சு? வாசம் போனதும் கறிவேப்பிலையைத் தூக்கி எறிகிற மாதிரி எறிந்துவிட்டு, அக்கறை வேறு!

அவர் மூக்கை உடைக்காமல் விடமாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

மாமியார் சாகும்போது பெரியவருக்கு மருத்துவமனையையும் இவருக்கு எதிர் வீட்டையும் எழுதிவைத்தார். அன்று சொந்தக்காரர்கள் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்று அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தாயிற்று. அதே முன்னறை, அதே இரண்டு கட்டில். மூத்த சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். அந்த ஏழு மாடிக்கு நேர் எதிரே என் பலகை. வேண்டுமென்றேதான் பெரிய எழுத்தாகப் போடச் சொன்னேன்.

ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. அவசரமென்றால் வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும், இருபது நிமிடம். "இருபது நிமிஷம் ரொம்ப ஜாஸ்தி" என்றார் இவர். "அவசரம் வர்ற மாதிரி நான் எப்போ பிரசவம் பாத்திருக்கேன்?" என்றேன்.

மார்ச் 20, வியாழன்

நல்ல செய்தி. பழைய இடத்து நர்ஸ் ஒருத்தி வந்து சொன்னாள். திறப்பு விழாவன்று காலை பத்து மணிக்கு ரிப்பன் வெட்டியதும், புதுத் தியேட்டரில் முதல் குழந்தையை எடுப்பார்களாம். சிறப்பு விருந்தினர் அதைக் கையில் வாங்குவாராம், படம் பிடிப்பார்களாம். யார் பிள்ளை என்று கேட்டேன். கடைத்தெருத் தையற்காரியுடையது. அவள் என்னிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சி! ஆறு மாதம் நான் பார்த்தவள். எந்தக் கோளாறும் இல்லாத தலைப்பிரசவம். இலவசம் என்று ஆசை காட்டி, ஒரு போட்டோவுக்காக வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

மார்ச் 21, வெள்ளி

அந்தப் பிள்ளை அங்கே பிறக்காது.

மார்ச் 26, புதன்

ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் தையல் கடைக்குப் போனேன். அளவெடுக்கும்போதே கேட்டேன், "உனக்கு எதுக்கும்மா ஆபரேஷன்?"

"அவங்கதான் தேவைன்னாங்க டாக்டரம்மா. நானே தையக்காரி. என் வயித்துல வேற ஒருத்தர் தையல் போடணுமான்னு எனக்கும் இருக்கு."

"தேவையே இல்ல. வலி வந்ததும் நேரா என்கிட்ட வா."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தது அவளுக்காக இல்லை.

ஏப்ரல் 5, சனி

சாயங்காலம் வந்துவிட்டாள். லேசான வலி, தானாகவே. நாளைதான் விழா! தெய்வம் என் பக்கம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதினால்தான் மனசு அடங்கும்.

விடியும்போது கர்ப்பப்பை வாய் பாதிகூடத் திறக்கவில்லை. தலைப்பிரசவம் மெதுவாகத்தான் வரும். காத்திருந்தால் மாலைக்குள் தானாக வந்திருக்கும். தாய்க்கும் குறையில்லை, பிள்ளைக்கும் குறையில்லை. ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போடுகிற சத்தம், மைக் சோதிக்கிற சத்தம். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் இங்கே பிள்ளை அழவேண்டும், அது அந்த மைக்கில் கேட்கவேண்டும் — என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை.

சமையலறைக் கடிகாரத்தை நானே கழற்றி வந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். மூத்த சிஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். வலியை ஏற்றுகிற டிரிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வேகத்தைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.

"போதும் டாக்டர். வலி விடாம வருது. புள்ளைக்கு மூச்சு வாங்க நேரம் குடுங்க" என்றார் சிஸ்டர்.

நான் பிள்ளைத்தாய்ச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கூட்டினேன்.

பிள்ளையின் துடிப்பு விழுந்துவிட்டது. துடிப்பைக் கேட்கிற டாப்ளர் கருவியில் சீராக ஓடிய சத்தம் தள்ளாட ஆரம்பித்தது. டிரிப்பை மூடினேன். இடப்பக்கம் திருப்பினோம். ஆக்சிஜன் வைத்தோம். ஏறவில்லை. ஐயோ, ஏறவே இல்லை. அரசு மருத்துவமனை இருபது நிமிடம். அந்தப் பிள்ளையிடம் இருபது நிமிடம் இல்லை. தியேட்டர் எதிரே இருக்கிறது.

தள்ளுவண்டியில் கிடத்தித் தெருவுக்குள் தள்ளினோம். கார்கள், பூச்சாடிகள், சிவப்புக் கம்பளம். வாசலுக்குக் குறுக்கே ரிப்பன். சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். "வழி விடுங்க!" என்று கத்தினேன். அவர் ஒதுங்குவதற்குள் வண்டி ரிப்பனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. லிஃப்டில்தான் பார்த்தேன், அது தையற்காரியின் காலில் சுற்றிக் கிடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவர் எங்கள் பின்னாலேயே ஓடிவந்தார். இவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

கை கழுவுகிற இடத்துக்கு மருமகள் வந்தாள், விழாவுக்குக் கட்டிய புடவைமேல் தியேட்டர் அங்கி. சோப்பை நழுவவிட்ட என் விரல்களைப் பார்த்தாள்.

"நான் பண்றேன் சின்ன அத்தை. நீங்க கூட நில்லுங்க. டிரிப் எவ்வளவு போச்சு?"

சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கத்தியைக் கேட்டாள்.

ஆண் குழந்தை. நீலம் பாரித்து, துவண்டு வந்தான். சளியை உறிஞ்சி, மூச்சுக் கொடுத்து... அழுதான். அழுதுவிட்டான். யாரோ மைக்கில் அறிவித்திருக்கவேண்டும், கீழே கைதட்டினார்கள்.

வெளியே பெரியவர் முகம் சிவக்க நின்றார். "என்ன கூத்து இது?" அவள் முந்திக்கொண்டாள்.

"கழுத்துல கொடி சுத்தியிருந்துது மாமா. சின்ன அத்தை உடனே கொண்டுவந்ததாலதான் பொழச்சுது."

பெரியவர் முகம் மாறியது. போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

கொடி ஒரு சுற்று இருந்தது நிஜம். ஒரு சுற்றுக்கு எந்தப் பிள்ளையும் இப்படித் திணறாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 7, திங்கள்

பேப்பரில் படம். புதுக் கட்டடத்தின் முதல் குழந்தை, சிறப்பு விருந்தினர் கையில். அவர்கள் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது, கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கோபமெல்லாம் மருமகள் மேல்தான். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். வெறுக்கவாவது விட்டிருக்கலாம். அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 12, சனி

தையற்காரி பிள்ளையோடு வந்தாள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானாம், குழந்தை டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். கையில் என் ரவிக்கையும், அவளாகவே தைத்த ஒரு மேசை விரிப்பும். "உங்களாலதான் டாக்டரம்மா என் புள்ள பொழச்சான்" என்று காலைத் தொட வந்தாள்.

பிடித்து நிறுத்தினேன். "என்னாலதான் அவனுக்கு அந்த நெலம வந்துது. நேரத்துக்குப் பொறக்கணும்னு மருந்தக் கூட்டிட்டேன். உனக்காக இல்ல. எதிர்ல இருக்கறவங்களுக்காக."

புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவள் கத்தவில்லை. "அவங்க போட்டோவுக்காக வெட்டப் பாத்தாங்க. நீங்க எதுக்காகம்மா?" என்றாள். ரவிக்கையை மேசைமேல் வைத்தாள். விரிப்பை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

யாரும் வரவில்லை. கடிகாரம் அங்கேயேதான் ஓடுகிறது. கழற்ற மனசு வரவில்லை. பார்த்துப் பார்த்துச் சாவு என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

மத்தியானம் மருமகள் தெருவைத் தாண்டி வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நேராக வந்து இரண்டாவது கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசம் சின்ன அத்தை. நீங்கதான் பாக்கணும்."

"எதிர்ல ஏழு மாடி இருக்கே."

"அங்க எந்த ரூமுக்குப் போனாலும் சுவர்ல மணி ஓடுது. மாமாகிட்ட சொல்லிட்டேன். குதிச்சார்."

"அன்னிக்கு நான் பண்ணது உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும். தையல் கடைக்காரம்மாகிட்ட நீங்களே சொன்னீங்கன்னும் தெரியும். ஆபரேஷன்னு வந்தா அங்க தூக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் இங்க இருக்கேன்."

பெரியவரின் பேரப்பிள்ளை என் கட்டிலில். பிப்ரவரியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். பொய் சொல்வானேன், இப்போதும் உள்ளே ஒரு மூலையில் ஏதோ துள்ளியது. அடக்கிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. வயிற்றில் கை வைக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன். வராந்தாவில் பழைய ஆணி துருப்பிடித்து விழுந்துவிட்டிருக்கிறது. மூத்த சிஸ்டர் சுத்தியலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.