ஸ்டியரிங்கை விட்டு எழுந்த நாள்

அண்ணா,

இன்று காலை பேருந்து மலையேறும்போது ஓட்டுநர் தன் பக்கத்துக் கண்ணாடியைத் திறந்தார். ஈரமண் வாசனையோடு குளிர்காற்று உள்ளே அடித்தது. எல்லோருக்கும் சுகமாக இருந்தது. எனக்கு உங்கள் வலது கன்னம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது நீங்கள் ஓட்டுநர், நான் உங்கள் நடத்துநர். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது ஒருநாள் வண்டியை ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள்.

"என்னாச்சுங்ண்ணா?"

"மொகத்துல கரண்டு அடிச்சாப்புல இருக்குது சாமி. செத்த இரு, போயிரும்."

சில நொடிகளில் போனது. பிறகு பல் தேய்த்தால் வந்தது, சோறு மென்றால் வந்தது, காற்றுப் பட்டாலே வந்தது. பல்வலிக்காரர்கள் கன்னத்தை அழுத்திப் பிடிப்பார்கள். நீங்கள் கன்னத்தில் படாமல் உள்ளங்கையை மறைப்பாகப் பிடித்திருப்பீர்கள். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் வலி அப்படியே இருந்தது. அடுத்ததையும் பிடுங்கிவிடலாம் என்று வேறொரு பல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். "பல்லுல ஒண்ணுமில்லீங்க. இது நரம்பு வலி. நரம்பு டாக்டர பாருங்க" என்றார்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முகத்தின் உணர்ச்சி நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக் குழாய் அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. வலிப்பு நோய்க்குத் தரும் மாத்திரையையே இதற்கும் தந்தார்கள். வலி அடங்கியது, வயிறாரச் சாப்பிட்டீர்கள். ஆனால் தலை சுற்றியது, கண் சொக்கியது.

யாரும் கேட்கவில்லை. நீங்களாகவே ஆபீசுக்குப் போய், "இந்த மாத்திர திங்கற வரைக்கும் எனக்கு வண்டி வேண்டாமுங்க" என்றீர்கள். பல்வலிக்கா இந்தப் பாடு என்று சிலர் சிரித்தார்கள். மலைப்பாதையில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவர், பணிமனையில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"கொறச்சுப் போட்டுக்கிட்டு ஓட்டக்கூடாதுங்களா?"

"கொறச்சா வலி வரும், போட்டா தூக்கம் வரும். வளைவுல ரெண்டுமே ஆகாது கண்ணு. பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு எம்பட மாத்திர தெரியுமா?"

நாளடைவில் மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை செய்து, காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே பஞ்சு போல ஒரு சின்னத் திண்டு வைத்தார்கள். மெல்ல மெல்ல மாத்திரையை நிறுத்தினார்கள். ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

மறுபடி மலையேறிய அன்று பாதி வழியில் கண்ணாடியைத் திறந்து, முகத்தைக் காற்றுக்குக் காட்டினீர்கள். எனக்குத் திக்கென்றது. நீங்கள் சிரித்தீர்கள். "வெறும் காத்து சாமி" என்றீர்கள்.

ஓய்வு பெற்றபின் உங்கள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

போன வாரம் பேளுக்குறிச்சிச் சந்தை முடிந்து கூட்டம் ஏறியாயிற்று. அன்றைய ஓட்டுநர் சளிக்கு மாத்திரை போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "வேற ஆளு வரட்டுமுங்க" என்றேன். "நீ விசில் அடிப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். மூட்டைகளோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேறொருவர் வந்து அந்த இருக்கையில் உட்காரும்வரை நான் விசிலை வாயில் வைக்கவில்லை.